அமைப்புக் கோப்பிற் பிழை காண்டல்

இணையத்தில் நாம் வேண்டும் பக்கத்தை எடுத்துத் தரும் மென்பொருளை வழங்கி என்பர். 1995 இல் தோன்றிய அப்பாச்சியும், உருசிய நாட்டவரான இகோர் சிசோயெவ் 2004 இல் வெளியிட்ட எஞ்சின்-எக்ஸும் அவற்றுட் பெயர் பெற்றவை. எக்கோப்பு எங்குளது, யாருக்குக் காட்டத்தக்கது என்பவற்றையெல்லாம் வழங்கி அமைப்புக் கோப்பைப் படித்தே அறியும். அதனை எழுதுபவர் மனிதராதலின் பிழையும் உடன் புகுகின்றது.

எஞ்சின்-எக்ஸிற் சாதாரணக் கட்டளை ஒவ்வொன்றும் அரைப்புள்ளியால் முடிதல் வேண்டும். அப்புள்ளியை விட்டுவிடின், வழங்கி அடுத்த வரியையும் அக்கட்டளையின் பகுதியெனவே கொண்டு, பின்வரும் அரைப்புள்ளியிலேதான் குற்றங் காணும். ஆகவே, அது சுட்டும் வரி ஒன்று. பிழையுள்ள வரி அதற்கு மேலுள்ளது. புதியவர் பலர் சுட்டிய வரியையே உற்று நோக்கி இடர்ப்படுவர். மாணாக்கர் கட்டுரைகளைத் திருத்துவோர்க்கு இது புதிதன்று. தளப்பெயர்க் கட்டளையோ எத்தனை பெயரையும் ஏற்குமாதலின், அடுத்த வரியையும் பெயரென விழுங்கிவிடும். ஆயினும் பெயரிற் சாய்கோடு காணின், ஐயத்துக்குரிய குறி உளதென எச்சரிக்கும். இதனை அமைத்தவர் பயில்வோரின் தடுமாற்றத்தை நன்கறிந்தவராதல் வேண்டும்.

அறியாச் சொல்லைக் கண்டால் எஞ்சின்-எக்ஸ் ‘அறியாக் கட்டளை’ எனக் கூறி, கோப்பின் பெயரும் வரியெண்ணும் தரும். அப்பாச்சி மேலும் ஒருபடி சென்று, எழுத்துப் பிழையாயிருக்கலாம், அல்லது அச்சொல்லுக்குரிய கூறு சேர்க்கப்படாதிருக்கலாம் எனக் காரணமும் உரைக்கும். யான் இதனையே மேலாக மதிப்பேன். சிவப்பு மையாற் கீறுதல் எவர்க்கும் எளிது; ஏன் பிழை என்பதை ஓரத்தில் எழுதுவதற்கன்றோ பொறுமை வேண்டும்!

வழங்கியை இயக்குமுன் கோப்பை மட்டும் சோதிக்கும் வழி இரண்டிலும் உண்டு. ஆயினும் அச்சோதனை காண்பது பெரும்பாலும் இலக்கணப் பிழையையே. ‘/படம்’ எனத் தொடங்கும் வேண்டுகோளை ‘/தரவு/படம்/’ என்னும் அடைவுக்கு மாற்றும்படி எழுதி, முன்னதன் ஈற்றிற் சாய்கோடு இடாது விட்டதாகக் கொள்வோம். சோதனை ‘இலக்கணம் சரி’ என்றே விடை தரும். ஆனால் இரு புள்ளி மேலடைவைக் குறிக்குமாதலின், ‘/படம்../’ எனக் கேட்பவன் ஒருபடி மேலேறி, ‘/தரவு/’ அடைவிலுள்ள மறைவான கோப்புக்களையும் படித்தல் கூடும். யாண்டெக்ஸ் நிறுவனத்தார் ஆக்கிய கிக்சி என்னும் கருவி இத்தகைய பொருட்பிழைகளைத் தேடி எடுத்துக் காட்டுகின்றது. அது காட்டியபின் செய்யவேண்டிய திருத்தம், ஈற்றில் ஒரு சாய்கோடு இடுவதே.