யுனிவர்சிட்டி ரிசர்ச் வேலை: 37,000 ரூபாய் ஆஃபரை எப்படிப் படிக்கணும்?



போன வாரம் நம்ம ஊர் விருத்தாசலத்திலிருந்து ஒரு தம்பி மெசேஜ் பண்ணியிருந்தார். செராமிக் எஸ்டேட்டில் ஒரு யூனிட்டில் சூப்பர்வைசர். வயசு 27. விருத்தாசலத்திலேயே செராமிக் டிப்ளமோ, அப்புறம் சென்னையில் பி.டெக். செராமிக் டெக்னாலஜி, வேலை பார்த்துக்கிட்டே கேட் தேர்வும் பாஸ். ஒரு பல்கலைக்கழகத்தில் ரிசர்ச் ப்ராஜெக்ட்டுக்கு ஜே.ஆர்.எஃப். வேலைக்கு செலக்ட் ஆகியிருக்கார். "அண்ணா, இப்போ சம்பளம் 32,000. அங்க 37,000, அதோட ஹெச்.ஆர்.ஏ. வேற. அம்மா 'அது பர்மனென்ட்டா?'ன்னு கேக்கறாங்க. நான் என்ன பதில் சொல்றது?"

நல்ல கேள்வி. யுனிவர்சிட்டி வேலைன்னாலே "கவர்மென்ட் மாதிரி"ன்னு ஒரு நினைப்பு நம்மகிட்ட இருக்கு. ஆனா இன்னைக்கு வர்ற ரிசர்ச் வேலைகளிலும், மாணவர் உதவி சம்பந்தமான வேலைகளிலும் பெரும்பாலானவை தற்காலிகம். அதனால வேலைக்குப் போகக்கூடாதுன்னு நான் சொல்லல. என்ன வாங்கறீங்கன்னு தெரிஞ்சு வாங்குங்க, அவ்வளவுதான்.

முதல்ல, இது எந்த வகைப் பணம்?

ஒரே கேம்பஸ், ஒரே லேப். ஆனா பணம் மூணு விதமா வரும்.

ஒன்று, ஃபெலோஷிப். ஜே.ஆர்.எஃப்., எஸ்.ஆர்.எஃப். இதில் வரும். 2023 ஜனவரி 1 முதல் ஜே.ஆர்.எஃப்.க்கு மாதம் 37,000, எஸ்.ஆர்.எஃப்.க்கு 42,000 என்று மத்திய அரசு உயர்த்தியது. யு.ஜி.சி. நெட் மூலமா வர்ற ஃபெலோஷிப் உங்க பேருக்கே வரும், மொத்தம் 5 வருடம் வரை. ப்ராஜெக்ட்டில் வர்ற ஜே.ஆர்.எஃப். அப்படி இல்ல. அது பேராசிரியருக்குக் கிடைச்ச நிதியிலிருந்து வருது. ப்ராஜெக்ட் முடிஞ்சா வேலையும் முடிஞ்சது.

இரண்டு, தொகுப்பூதியம். ப்ராஜெக்ட் அசோசியேட், ப்ராஜெக்ட் அசிஸ்டென்ட், ஃபீல்ட் இன்வெஸ்டிகேட்டர் எல்லாம் இங்கே. டிப்ளமோவோ பி.எஸ்சி.யோ மட்டும் முடிச்சவங்களுக்குப் பெரும்பாலும் அசிஸ்டென்ட் லெவல்தான். இங்கே இன்க்ரிமென்ட், டி.ஏ. எதையும் எதிர்பார்க்காதீங்க.

மூன்று, கன்சல்டன்ட் அல்லது அவுட்சோர்ஸிங். மாணவர் கவுன்சலர், ப்ளேஸ்மென்ட் ட்ரெய்னர், ஹாஸ்டல் அலுவலகம், டேட்டா என்ட்ரி மாதிரி வேலைகள் நிறைய இப்படித்தான் வருது. வேலை பார்ப்பது கல்லூரியில். சம்பளம் போடுவது ஒரு ஏஜென்சி. இல்லன்னா சம்பளமே இல்ல, "தொழில்முறைக் கட்டணம்"னு போடுவாங்க.

ஆர்டர் கையில் வந்ததும் இந்த மூணில் எதுன்னு முதல்ல கண்டுபிடிங்க. மீதி எல்லாமே இதைப் பொறுத்துத்தான்.

வரி: பயப்பட வேண்டியது வரிக்கு இல்ல, டி.டி.எஸ்.க்கு

படிப்புச் செலவுக்காகத் தரப்படும் உதவித்தொகைக்கு வரிவிலக்கு உண்டு. 1961 சட்டத்தில் இது பிரிவு 10(16). 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்திருப்பதால் பிரிவு எண்கள் மாறும், அடிப்படை இதுதான். ஆனா உங்க ஆர்டரில் "இந்தந்த வேலை செய்யணும், அதற்கு இவ்வளவு ஊதியம்"னு இருந்தா, அதை உதவித்தொகைன்னு சொல்லிக்க முடியாது. அது சம்பளம்தான்.

இருந்தாலும் பதற்றப்படாதீங்க. புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வருமானம் இருந்தா ரிபேட் மூலமா வரி பூஜ்யம் (ஷேர் லாபம் மாதிரி தனி விகித வருமானத்துக்கு இது பொருந்தாது). தம்பிக்கு ஹெச்.ஆர்.ஏ. சேர்த்தாலும் வருஷத்துக்கு 5 லட்சம்கூட வராது. விலக்கு கிடைச்சாலும் கிடைக்காட்டியும் வரி இல்ல.

சிக்கல் எங்கேன்னா, "தொழில்முறைக் கட்டணம்"னு போட்டா 10 சதவீதம் டி.டி.எஸ். பிடிப்பாங்க. வருஷத்துக்கு 50,000 ரூபாய் தாண்டினாலே பிடித்தம் உண்டு. மாதம் 40,000 வாங்கறவருக்கு 4,000 பிடிச்சா கைக்கு 36,000 தான். வருஷத்துக்கு 48,000 ரூபாய் மாட்டிக்கிட்டு நிக்கும். ரிட்டர்ன் ஃபைல் பண்ணினா திரும்ப வரும். பண்ணலன்னா, அந்தப் பணத்தை நீங்களே விட்டுக்கொடுத்த மாதிரி. ஏ.ஐ.எஸ்.ல என்ன பேரில் பதிவாகியிருக்குன்னும் ஒருமுறை பாருங்க.

37,000 எப்போ 32,000-க்கு சமம் ஆகுது?

தம்பியோட கணக்கையே போட்டுப் பார்ப்போம்.

இப்போ மொத்தச் சம்பளம் 32,000. பேசிக் 15,000. பி.எஃப். பிடித்தம் 1,800 போக கைக்கு 30,200. கம்பெனி தன் பங்கா இன்னொரு 1,800 பி.எஃப்.ல போடுது. மெடிக்கல் இன்ஷூரன்ஸ் கம்பெனி கணக்கு. வீடு விருத்தாசலத்திலேயே, வாடகை இல்ல.

புது வேலை வேற ஊரில். ஹெச்.ஆர்.ஏ. பத்து சதவீதம்னு ஆர்டரில் இருக்கு. ஆக 37,000 + 3,700 = 40,700. இதிலிருந்து:

• அறை வாடகை, வாரா வாரம் ஊருக்கு வந்து போற செலவு: 6,000
• பி.எஃப்.க்கு பதிலா தானே சேமிக்க வேண்டியது (தன் பங்கு, கம்பெனி பங்கு ரெண்டும்): 3,600
• சொந்தமா எடுக்கற ஹெல்த் இன்ஷூரன்ஸ்: சுமார் 1,000

மொத்தம் 10,600. மீதி 30,100.

பாருங்க, இப்போ கைக்கு வர்றது 30,200. வித்தியாசம் நூறு ரூபாய்! "8,700 ரூபாய் அதிகம்"னு தெரிஞ்ச ஆஃபர், கணக்குல அதே இடத்துக்கு வந்து நிக்குது. ஹாஸ்டலில் ரூம் கொடுத்தா வாடகை மிச்சம். ஆனா அப்போ பொதுவா ஹெச்.ஆர்.ஏ. தர மாட்டாங்க. சென்னை மாதிரி பெரிய நகரத்தில் ஹெச்.ஆர்.ஏ. சதவீதம் அதிகம், வாடகையும் அதிகம். உங்க ஊர், உங்க வாடகை வெச்சு இதே கணக்கை ஒரு பேப்பரில் போடுங்க.

ஒன்றாம் தேதி பணம் வருமா?

இதை நான் தணிக்கை செய்யற பக்கத்திலிருந்து சொல்றேன். நிதி தர்ற அமைப்பு மொத்தப் பணத்தையும் ஒரே தடவையில் தராது. தவணையாத்தான் தரும். முந்தின தவணையை எப்படிச் செலவு பண்ணினீங்கன்னு செலவு அறிக்கையும், பயன்பாட்டுச் சான்றிதழும் பல்கலைக்கழகம் அனுப்பணும். மத்திய அரசின் 2017 பொது நிதி விதிகளில் அதற்குப் படிவம் 12-ஏ இருக்கு. அந்தப் படிவம் ஒரு மேஜையில் தூங்கினா, அடுத்த தவணை தூங்கும். அடுத்த தவணை தூங்கினா உங்க சம்பளமும் தூங்கும். அப்புறம் மூணு மாச பாக்கி மொத்தமா வரும். பணம் எங்கேயும் போகாது. ஆனா இ.எம்.ஐ. அதுவரை காத்திருக்குமா?

அதனால, வேலையை விடறதுக்கு முன்னாடி குறைந்தது நாலு மாச செலவை தனியா எடுத்து வைங்க. மாச செலவு 22,000-ன்னா, 88,000. இது இல்லாம சேர வேண்டாம்.

வெளியே வரும்போது விட்டுடாதீங்க

பி.எஃப்.: 5 வருட தொடர் சேவை முடியறதுக்கு முன்னாடி பணத்தை எடுத்தா பொதுவா வரி உண்டு. எடுக்காதீங்க. யு.ஏ.என். அப்படியே இருக்கட்டும். நாளைக்கு வேற கம்பெனியில் சேர்ந்தா பழையதை அங்கே மாத்திக்கலாம். பென்ஷனுக்குத் தேவையான 10 வருட சேவைக் கணக்கிலும் பழைய வருஷங்கள் சேரும்.

கிராஜுவிட்டி: நிரந்தரப் பணியாளருக்கு 5 வருடம் வேணும். தம்பிக்கு முடிஞ்சது 4 வருடம் 7 மாதம்! 15,000 பேசிக்குக்கு, 15-ஐ 26-ஆல் வகுத்து, 5 வருஷத்தால் பெருக்கினா சுமார் 43,270 ரூபாய். ஐந்தாவது வருஷத்தில் 240 நாள் வேலை பார்த்திருந்தாலே போதும்னு சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கு. ஆனா ஹெச்.ஆர். இதை உடனே ஒத்துக்கும்னு நம்பி ராஜினாமா எழுதாதீங்க. முதல்ல எழுத்தில் கேளுங்க.

ஹெல்த் இன்ஷூரன்ஸ்: கம்பெனி பாலிசி வேலையோடவே போயிடும். கடைசி நாளுக்கு முன்னாடியே சொந்த பாலிசி எடுத்துடுங்க. புது பாலிசியில் காத்திருப்புக் காலம் இருக்கும்.

அப்போ ஏன் போகணும்?

ஒரே ஒரு காரணத்துக்காக: அந்த வேலை உங்களை அடுத்த படிக்கு ஏத்தணும். செராமிக்கில் ஆராய்ச்சிக்குன்னே கொல்கத்தாவில் சி.எஸ்.ஐ.ஆர்.-சி.ஜி.சி.ஆர்.ஐ. இருக்கு, ஹைதராபாத்தில் ஏ.ஆர்.சி.ஐ. இருக்கு. அங்கே விஞ்ஞானி வேலைக்கோ, கல்லூரியில் நிரந்தரப் பேராசிரியர் வேலைக்கோ முனைவர் பட்டம் பெரிய பலம். ப்ராஜெக்ட் ஜே.ஆர்.எஃப்.ஆ இருந்துக்கிட்டே பி.ஹெச்டி. பதிவு பண்ண முடியும்னா, அது சம்பளத்தோட படிக்கற மாதிரி. முடியாதுன்னா, ரெண்டு வருஷம் கழிச்சு 29 வயசில், அதே பி.டெக்., அதே சேமிப்போட மறுபடி வேலை தேடணும்.

மாணவர் உதவி வேலைக்கும் இதே அளவுகோல்தான். கவுன்சலிங்கோ ப்ளேஸ்மென்ட்டோ உங்க துறைன்னா, ரெண்டு வருட அனுபவச் சான்றுக்கு மதிப்பு இருக்கு. ஏஜென்சி மூலமா டேட்டா என்ட்ரின்னா, பி.எஃப்., இ.எஸ்.ஐ. எண் கொடுக்கறாங்களான்னு முதல் மாசமே பாருங்க.

கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டிய ஆறு கேள்விகள்

1. இது ஃபெலோஷிப்பா, சம்பளமா, கட்டணமா? டி.டி.எஸ். எந்த வகையில்?
2. ப்ராஜெக்ட் எந்த மாதம் முடியுது? நான் சேரும் நாளிலிருந்து எத்தனை மாதம் மிச்சம்?
3. இப்போ இருக்கறவங்களுக்கு கடைசியா எந்த மாதச் சம்பளம் வந்திருக்கு?
4. பி.ஹெச்டி. பதிவு செய்யலாமா? வழிகாட்டி யார், கட்டணம் எவ்வளவு?
5. ஹெச்.ஆர்.ஏ. எத்தனை சதவீதம்? ஹாஸ்டல் கொடுத்தாலும் உண்டா?
6. நடுவில் விலகணும்னா எத்தனை நாள் நோட்டீஸ்?

மூணாவது கேள்வியை அலுவலகத்தில் கேட்காதீங்க. லேபில் வேலை பார்க்கற சீனியரை ஒரு டீ குடிக்கக் கூப்பிட்டுக் கேளுங்க. இன்னொண்ணு: வேலைக்காக யாராவது டெபாசிட்டோ "ப்ராசஸிங்" பணமோ உங்ககிட்ட தனியா கேட்டா, அந்த இடத்திலேயே நிறுத்திடுங்க. விளம்பரம் பல்கலைக்கழகத்தோட சொந்த இணையதளத்தில் இருக்கான்னு பாருங்க.

தம்பி என்ன பண்ணினார்?

கேள்விகளை மெயிலில் அனுப்பினார். ப்ராஜெக்ட்டில் இன்னும் 26 மாதம் மிச்சம், பி.ஹெச்டி. பதிவு செய்யலாம், சம்பளம் சில சமயம் ரெண்டு மாசம் தள்ளிப்போகும்னு சீனியர் ஒளிக்காமச் சொல்லிட்டார். சேர ரெண்டு மாசம் டைம் கேட்டார், கிடைச்சது. அதுக்குள்ள ஐந்தாவது வருஷத்தில் 240 நாளும் தாண்டிடும், நாலு மாச செலவுக்கான பணமும் சேர்ந்துடும். கிராஜுவிட்டி பத்தி ஹெச்.ஆர்.க்கு மெயில் போட்டிருக்கார், பதிலுக்குக் காத்திருக்கார்.

அம்மாவுக்கு என்ன சொன்னார்னு கேட்டேன். "பர்மனென்ட் இல்லம்மா, ரெண்டு வருஷம்தான். ஆனா அது முடியறப்போ பி.ஹெச்டி. பாதி தாண்டியிருக்கும்னு சொன்னேன்ணா. 'சரி, இன்ஷூரன்ஸ் எடுத்தியா?'ன்னு கேட்டாங்க"ன்னார்.

அம்மா நம்ம சேனல் பார்க்கறாங்க போல!

உங்களுக்கும் இப்படி ஒரு ஆஃபர் வந்திருந்தா, மேலே இருக்கற கணக்கைப் போட்டுட்டு, எந்த இடத்தில் இடிக்குதுன்னு கமெண்ட்டில் எழுதுங்க. ஆர்டர் காப்பியை மட்டும் பொதுவில் போடாதீங்க. அடுத்த வீடியோவில் சந்திப்போம்.