வெளிச்சத்தில் அழுக்கை உடைக்கும் செமிகண்டக்டர்

உங்கள் கம்ப்யூட்டரின் பிராசசர் சிலிக்கான் என்ற செமிகண்டக்டரால் ஆனது. அதே வகையைச் சேர்ந்த வேறு சில பொருட்கள், வெளிச்சம் பட்டால் நீரிலும் காற்றிலும் உள்ள மாசுகளைச் சிதைக்கின்றன. இவற்றை போட்டோகேடலிஸ்ட், அதாவது ஒளிவினையூக்கி என்கிறோம். ஏர் பியூரிபையர் விளம்பரங்களில் இந்தப் பெயரைப் பார்த்திருப்பீர்கள். இது எப்படிச் செயல்படுகிறது என்று பார்ப்போமா?

எப்படி இயங்குகிறது?

வெள்ளை பெயிண்டில் சேர்க்கப்படும் டைட்டானியம் டை ஆக்சைடுதான் இதில் மிகவும் பிரபலம். 1972ல் ஜப்பானின் புஜிஷிமா, ஹோண்டா இருவரும் ஒளியின் உதவியால் இது தண்ணீரைப் பிரிப்பதை வெளியிட்டனர். ஒளி பட்டதும் இதிலுள்ள எலெக்ட்ரான் மேல்மட்டத்திற்குத் தாவும். அது விட்டுச்சென்ற காலியிடம் "ஹோல்" எனப்படும். இவை இரண்டும் நீருடனும் ஆக்சிஜனுடனும் வினைபுரிந்து, சாயம், பூச்சிமருந்து போன்ற கரிமப் பொருட்களை உடைக்கும் துகள்களை உருவாக்குகின்றன. வேலை முழுமையாக முடிந்தால் பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடும் நீருமே மிஞ்சும்.

சிக்கல் எங்கே?

எலெக்ட்ரான் தாவ 3.2 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும். இதைத் தருவது சுமார் 390 நானோமீட்டருக்குக் குறைவான புற ஊதாக் கதிர்தான். தரைக்கு வரும் வெயிலில் இது ஏறத்தாழ 5 சதவீதமே. வீட்டு எல்இடி பல்பில் அநேகமாக இல்லை. மேலும், தாவிய எலெக்ட்ரான் உடனே ஹோலுடன் சேர்ந்துவிட்டால் ஆற்றல் வெப்பமாக வீணாகும்.

இரண்டு சேர்ந்தால்...

இதற்காகவே இரு பொருட்களை இணைக்கிறார்கள். கார்பன் நைட்ரைடு என்ற மஞ்சள் தூளுக்கு 2.7 எலெக்ட்ரான் வோல்ட் போதும். எனவே கண்ணுக்குத் தெரியும் ஊதா, நீல ஒளியிலேயே வேலை செய்யும். இதை டைட்டானியம் டை ஆக்சைடுடன் ஒட்டினால், எலெக்ட்ரான் அந்தப் பக்கம் போய்விடும். ஹோல் இந்தப் பக்கமே நிற்கும். இரண்டும் பிரிந்திருப்பதால் வினைக்கு நேரம் கிடைக்கும்.

வாங்கும் முன்...

நீலச் சாயம் நிறம் மாறுவதைக் காட்டினால் நம்பிவிடாதீர்கள். சாயமே ஒளியை உறிஞ்சி வெளுக்கலாம். நிறம் போனாலும் உடைந்த துண்டுகள் தங்கியிருக்கலாம். காற்றிலும் அப்படித்தான், பாதியில் நின்ற வினையால் பார்மால்டிஹைடு உருவாகலாம். எனவே கடைக்காரரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: உள்ளே எந்த விளக்கு இருக்கிறது? மாசு முழுவதும் உடைந்ததற்குச் சோதனை முடிவு உண்டா? பதில் இல்லையென்றால் அந்தப் பெயருக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம்.