மும்பையில் உங்களை 'அண்ணா' என்று கூப்பிட்டால் என்ன அர்த்தம்?

மாட்டுங்கா மார்க்கெட்டில் நிற்கிறீர்கள். உங்களுக்கு வயது 27. போனில் அம்மாவோடு தமிழில் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். பின்னாலிருந்து ஒரு குரல்: "அண்ணா, ஜரா சைட்!" திரும்பினால், கூப்பிட்டவருக்கு அறுபது வயது இருக்கும். ஊரில் என்றால் உங்களை "தம்பி, கொஞ்சம் தள்ளுப்பா" என்றிருப்பார். இவர் எப்படி அண்ணா என்கிறார்?

தமிழில் 'அண்ணா'வுக்கு ஒரு கணக்கு உண்டு. கூப்பிடுகிறவர் சின்னவர், கேட்கிறவர் பெரியவர். வயது சரியாகத் தெரியாவிட்டால் குத்துமதிப்பாக முடிவு செய்வோம், ஆனால் கணக்கை விட மாட்டோம். மும்பை ஹிந்தியில் இந்தக் கணக்கு கிடையாது. அங்கே அந்தச் சொல் வயதைச் சொல்லவில்லை, ஊரைச் சொல்கிறது: தெற்கிலிருந்து வந்த ஆள்.

அதனால்தான் காலையில் சைக்கிளில் ஹார்ன் அடித்தபடி இட்லி விற்க வருபவர் அண்ணா, உடுப்பி ஹோட்டல் கல்லாவில் உட்கார்ந்திருப்பவரும் அண்ணா. ஒருவர் தமிழ், இன்னொருவர் துளுவோ கன்னடமோ. மாட்டுங்காவின் பிரபல கஃபே மெட்ராஸை 1940-ல் ஆரம்பித்தவர்கூட மெட்ராஸ்காரர் இல்லை, உடுப்பிப் பக்கத்துக் காமத். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் எதுவும் கண்ணில் படாது.

தமிழர்களுக்குள்ளேயே பாருங்கள். செம்பூர் சேடா நகர் முருகன் கோயில் வாசலில் 'அண்ணா' காதில் விழலாம். தாராவியின் 90 ஃபீட் ரோட்டில் திருநெல்வேலிக் குடும்பங்கள் அதிகம். அங்கே 'அண்ணே', 'அண்ணாச்சி'. 2011 சென்சஸ்படி மகாராஷ்டிராவில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் சுமார் 5 லட்சம் பேர். சென்சஸ் தாய்மொழியைக் கேட்கும். தெருவில் உங்களை என்னவென்று கூப்பிடுகிறார்கள் என்று கேட்காது. டேட்டாவோடு வேலை பார்ப்பவளாக இது எனக்கு எப்போதுமே ஒரு குறைதான்.

மராத்தியில் இது மரியாதைச் சொல்

இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது. உங்கள் மராத்தி சக ஊழியர் தன் மாமாவை 'அண்ணா' என்றால், அவர் உங்களைக் கேலி செய்யவில்லை. கன்னட எல்லையை ஒட்டியே வாழ்ந்த மராத்திக்கு 'அண்ணா', 'அக்கா' இரண்டும் திராவிட மொழிகளின் பக்கத்திலிருந்து போய்ச் சேர்ந்தவை. பெண் கல்விக்காக உழைத்து 1958-ல் பாரத ரத்னா பெற்ற தோண்டோ கேசவ் கார்வே, அண்ணாசாஹேப். தலித் எழுத்தாளர் துக்காராம் சாத்தே ஊருக்கே 'அண்ணாபாவ்'. மராத்தியில் 'பாவூ' என்றாலும் சகோதரன்தான். ஆக அவர் பெயரில் அண்ணன் இரண்டு முறை இருக்கிறார்.

2011-ல் உண்ணாவிரதம் இருந்த கிசன் பாபுராவ் ஹசாரேயை நினைவிருக்கிறதா? மராத்தியில் அவர் மூன்று சுழி 'ண' போட்ட அண்ணா. ஹிந்தியில் எழுதும்போது அது 'ன' ஆனது. வேடிக்கை என்னவென்றால், பல தமிழ்ச் செய்திகளும் 'அன்னா ஹசாரே' என்றே எழுதின. நம் வீட்டுச் சொல்தான் அது என்று அடையாளம் தெரியாமல் போய்விட்டது.

அண்ணன் எப்படி ரவுடி ஆனான்?

1966-ல் சிவசேனா தொடங்கியபோது அதன் முதல் குறி தென்னிந்தியர்கள். வேலைகளை அவர்கள் பிடித்துக்கொள்கிறார்கள் என்பது குற்றச்சாட்டு. அவர்களுக்குப் பொதுப்பெயர் 'மதராசி'. லுங்கியைக் கிண்டல் செய்யக் கோஷமும் இருந்தது. அதோடு ஒப்பிட்டால் 'அண்ணா' மென்மையான சொல். பாசமாகவும் சொல்கிறார்கள். நான் இதை வசவு என்று சொல்ல மாட்டேன். ஆனால் 1989-ல் வந்த 'பரிந்தா' படத்தில் நானா படேகர் நடித்த கடத்தல் கும்பல் தலைவனின் பெயரும் அண்ணாதான்.

இது தமிழுக்கு மட்டும் நடந்ததில்லை. 'தாதா' ஹிந்தியில் அப்பாவின் அப்பா, வங்காளத்திலும் மராத்தியிலும் அண்ணன். மும்பைத் தெருவில் அடியாள். தமிழ்ப் பத்திரிகைகள் அந்த மும்பை அர்த்தத்தை மட்டும் எடுத்துக்கொண்டு 'நிழல் உலக தாதா' என்று எழுதிவிட்டன. 'பாய்' குஜராத்தியில் எந்த ஆணின் பெயரோடும் ஒட்டும் மரியாதை. மும்பையில் அதற்குக் கும்பல் தலைவன் என்றும் பொருள்.

'பையா'வின் கதைதான் மோசம். ஹிந்தியில் அதற்கும் அண்ணன் என்றே அர்த்தம். மும்பையில் அது உத்தரப் பிரதேசம், பீகாரிலிருந்து பிழைக்க வந்தவர்களைக் குறிக்கும் ஏளனச் சொல்லாக மாறியது. 2008-ல் ரயில்வே தேர்வு எழுத வந்த வட இந்திய இளைஞர்கள் இதே நகரத்தில் தாக்கப்பட்டார்கள். வந்தவர்கள் தங்களுக்குள் ஒருவரை ஒருவர் எப்படிக் கூப்பிடுகிறார்களோ, அதையே உள்ளூர்க்காரர்கள் எடுத்து அவர்களுக்குப் பெயராக வைத்துவிடுகிறார்கள்.

தென்னாப்பிரிக்காவிலும் இப்படித்தான். அங்கே போன தமிழர்கள் பலருக்குப் பெயர் 'சாமி' என்று முடியும். வெள்ளைக்காரர்கள் இந்தியர்கள் எல்லோரையும் 'சாமி' என்றார்கள், இளக்காரமாக. காந்தி தன் சுயசரிதையில் இதைச் சொல்கிறார்: கொஞ்சம் சாமர்த்தியம் உள்ள இந்தியர், "சாமி என்றால் எஜமான்; நான் உனக்கு எஜமான் இல்லையே" என்று திருப்பிச் சொல்வாராம்.

சரி, நம் ஊருக்கு வருவோம். பானிபூரி வண்டிக்காரரை நாம் என்னவென்று கூப்பிடுகிறோம்? பிரியாணிக் கடைக்காரரை? தமிழ்நாட்டு முஸ்லிம்களில் பெரும்பாலோருக்கு வீட்டில் பேசும் மொழி தமிழ். காயல்பட்டினத்தில் அண்ணனுக்கு 'காக்கா' என்பார்கள், பல ஊர்களில் வெறும் 'அண்ணன்'தான். 'பாய்' என்பது பெரும்பாலும் நாம் வைத்த பெயர். அறுபது வயதுக்காரர்கூட இருபது வயதுப் பையனைப் பார்த்து, "பாய், ரெண்டு பார்சல்" என்கிறார்.