வெளிச்சம் வரும், மின்சாரம் வராது

கெட்டிக்காரச் செல்லமே, இந்தச் சந்தேகம் உனக்கும் வந்திருக்கும். வீட்டில் மின்சாரம் போய்விட்டது. இன்வெர்ட்டர் இருப்பதால் விளக்கு எரிகிறது, மின்விசிறி சுற்றுகிறது. வை-ஃபை மட்டும் காணோம்! தெருவிலிருந்து வரும் ஃபைபர் கேபிள் அறுந்துவிடவில்லையே? பிறகு ஏன்?

"ஏன்" என்று கேட்டாயே, அதற்கே ஒரு சபாஷ்! முதலில் அந்தக் கேபிளுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்வோம்.

உறைக்குள் இருப்பது கண்ணாடி இழை. ஒரு மில்லிமீட்டரை எட்டாகப் பிரித்தால் ஒரு பங்கு எவ்வளவோ, அவ்வளவுதான் அதன் பருமன். அதன் நடுவில் இன்னும் மெல்லிய கண்ணாடிப் பாதை. அதில்தான் ஒளி ஓடுகிறது. நொடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் வேகம்! நீ ஒரு முறை கண் சிமிட்டுவதற்குள் சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்குப் பல தடவை போய்த் திரும்பிவிடும்.

கண்ணாடி சுத்தமாக இருந்தால் ஒளியை வெகுதூரம் அனுப்பலாம் என்று 1966-இல் எடுத்துச் சொன்னவர் சார்லஸ் காவ். அதற்காக 2009-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. எத்தனை வருடம் கழித்து, பார்த்தாயா?

சரி, இப்போது நீயே யோசி. கண்ணாடி வழியாக ஒளி வருகிறது. மின்சாரம் வருமா? வராது. கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது.

உன் தாத்தா பாட்டியிடம் கேட்டுப் பார். பழைய தொலைபேசி, ஊரே இருட்டாக இருக்கும்போதும் மணியடித்தது. அதற்கு வந்தது செம்புக் கம்பி. தொலைபேசி நிலையத்தில் இருந்த பெரிய பேட்டரிகள் அந்தக் கம்பி வழியாகவே 48 வோல்ட் அனுப்பிக்கொண்டிருந்தன. பேச்சும் மின்சாரமும் ஒரே கம்பியில் வந்தன. ஃபைபரில் அது முடியாது. ஒளியை வாங்கி, கணினிக்குப் புரியும்படி மாற்றும் பெட்டிக்கு, நம் வீட்டு மின்சாரத்தைத்தான் கொடுக்க வேண்டும். புரிகிறதா? இதுதான் விஷயத்தின் வேர்.

அந்தப் பெட்டி பெரிய சாப்பாட்டு ராமன் இல்லை. பெரும்பாலும் 12 வோல்ட் அடாப்டர் போதும். ஒரு எல்இடி விளக்குக்கு ஆகும் மின்சாரமே ஏறத்தாழ அதற்கும் ஆகும். அப்படியானால் இன்வெர்ட்டர் இருந்தும் ஏன் அணைந்தது?

வீட்டிலுள்ள எல்லா பிளக் பாயின்ட்டுக்கும் இன்வெர்ட்டர் இணைப்பு இருக்காது. விளக்கு, மின்விசிறி, ஒன்றிரண்டு பிளக் என்று எலக்ட்ரீஷியன் அளவாகத்தான் கொடுத்திருப்பார். பெட்டியை இணைப்பு இல்லாத பிளக்கில் செருகினால் அது அணையத்தானே செய்யும்? அடுத்த முறை மின்சாரம் போகும்போது, அப்பா அல்லது அம்மாவிடம் செல்பேசி சார்ஜரை ஒவ்வொரு பிளக்கிலும் செருகிப் பார்க்கச் சொல். எங்கே சார்ஜ் ஏறுகிறதோ, அங்கே நீ பென்சிலால் ஒரு புள்ளி வை. சில வீடுகளில் ஒளியை மாற்றும் பெட்டி ஒன்று, வை-ஃபை ரவுட்டர் தனியாக ஒன்று என்று இரண்டு இருக்கும். அப்போது இரண்டு பிளக் வேண்டும். ஒன்று அணைந்தாலும் இணையம் வராது. இன்வெர்ட்டரே இல்லையா? மினி யுபிஎஸ் என்று சின்னப் பேட்டரிப் பெட்டி கிடைக்கிறது. அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டும் ஆம்பியரும் அதற்குப் பொருந்துகின்றனவா என்று பெரியவர்கள் பார்த்து வாங்க வேண்டும்.

பென்சில் புள்ளிகள் தயாரா? அதில் எந்த இடத்தைத் தேர்ந்தெடுப்பது?

உன் பள்ளியில் மணி எங்கே தொங்குகிறது? எல்லா வகுப்புக்கும் கேட்கும்படி நடுவில்தானே? வை-ஃபை அலையும் நாலா பக்கமும் பரவுகிறது. அதனால் வீட்டின் நடுப்பகுதி, கொஞ்சம் உயரமான இடம் நல்லது. இரும்பு பீரோவுக்குப் பின்னால் வேண்டாம். உலோகம் அலையை மறிக்கும். மீன்தொட்டிப் பக்கமும் வேண்டாம். தண்ணீர் அதை உறிஞ்சும். டிவி அலமாரிக்குள் வைத்துக் கதவை மூடினால் பெட்டி சூடாகிவிடும்.

கேபிள் நுழையும் ஜன்னலோரத்திலேயே பெட்டியை மாட்டிவிட்டுப் போவது பல வீடுகளில் வழக்கம். எனக்கு அதில் சம்மதமே இல்லை. ஃபைபரை இன்னும் பத்து மீட்டர் உள்ளே கொண்டுபோனால் ஒளி ஒன்றும் குறைந்துவிடாது. ஆனால் மூலையில் வெடுக்கென்று மடிக்கக் கூடாது. மடிப்பில் ஒளி வெளியே கசிந்துவிடும். மிச்சக் கேபிளை ஆறு சென்டிமீட்டருக்குக் குறையாத அகலமுள்ள வளையமாகச் சுற்றி வைக்கச் சொல்.

ஒரு முக்கியமான விஷயம், கவனி. கழற்றிய ஃபைபர் நுனியைக் கண்ணருகே வைத்துப் பார்க்கவே கூடாது. உள்ளே வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர் ஒளி.

சுவரில் துளை போடும்போதும் நீ பக்கத்தில் இரு. துளை வெளிப்பக்கம் சற்றுச் சரிந்திருக்க வேண்டும். துளைக்குள் நுழையும் முன் கேபிள் கொஞ்சம் கீழே தொங்கி மேலேற வேண்டும். அப்போதுதான் கேபிள் மேல் வழிந்து வரும் மழைநீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டி விழும், வீட்டுக்குள் வராது.