பம்பு வாங்கப் போகிறீர்களா?

நாக்பூரில் வீடு கட்டும் நம்மவர்கள் என்னிடம் கேட்பது, "எத்தனை ஹெச்.பி. பம்பு வாங்கலாம், சார்?" என்பதுதான். ரயில்வே எஞ்சினீயரான நானே இதில் ஏமாந்தவன்.

ஒரு மே மாதம் எங்கள் கிணற்றில் தண்ணீர் 30 அடிக்குக் கீழே போய்விட்டது. மேலே இருந்த அரை ஹெச்.பி. பம்பு இழுக்கவில்லை. அவசரத்தில் ஒன்றரை ஹெச்.பி. வாங்கி மாட்டினேன், அதுவும் வெறுமனே ஓடியது. "டிப்ளமா படித்தும் இப்படியா?" என்றாள் மனைவி, இடுப்பில் குடத்துடன்.

கிணற்றுத் தண்ணீரைப் பம்புவரை ஏற்றுவது காற்றழுத்தம். கணக்குப்படி அதன் எல்லை 10.3 மீட்டர், நடைமுறையில் 20, 22 அடிதான். ஹெச்.பி. கூடினால் தள்ளும் உயரம் கூடலாம், உறிஞ்சும் ஆழம் கூடாது.

ஆகவே முதலில் கோடைகால நீர்மட்டத்தை அளந்துகொள்ளுங்கள். 20 அடியைத் தாண்டினால், தண்ணீருக்குள்ளேயே இறக்கும் சப்மெர்சிபிள் பம்பே நல்லது. நாங்களும் கடைசியில் அதற்கே வந்தோம். ஒன்றரை ஹெச்.பி. இன்னும் பரணில்தான் இருக்கிறது!