சுற்றிலும் தண்ணீர்... ஆனாலும் முகத்துவாரக்குப்பத்துத் தவளைக்கு மழைக்குட்டைதான் வேணும்! ஏன்?

எண்ணூர் முகத்துவாரக்குப்பம் அருகே கொசஸ்தலையாறு கடலில் கலக்கிறது. எந்தப் பக்கம் பார்த்தாலும் தண்ணீர். ஆனால் ‘தவக்களை’ முட்டையிடுவது அந்த உவர்நீரில் அல்ல; மழைக்குப் பிறகு பள்ளத்தில் தேங்கும் நல்ல தண்ணியில்தான். காரணம், அதன் தோல்.

தோலால் தண்ணி குடிக்கும்

தவளை வாயால் தண்ணி குடிப்பதில்லை. அடிவயிற்றுத் தோல் வழியாக உறிஞ்சிக்கொள்ளும். நுரையீரல் உண்டு, ஆனால் நம்மைப் போல மார்பை விரித்து மூச்சிழுக்க முடியாது. தொண்டையை ஏற்றி இறக்கிக் காற்றை உள்ளே தள்ளும். மீதி மூச்சுக்கு ஈரத்தோல்தான் துணை.

இந்தத் தோலில் உப்பு பட்டால் சிக்கல். கடல்நீரில் உப்பு சுமார் 3.5 சதவீதம். தவளை உடலில் 1 சதவீதத்துக்கும் குறைவு. கடல்நீரில் இறங்கினால் உடம்பிலுள்ள நீர் வெளியே போய்விடும். நண்டு தின்னும் தவளை போன்ற மிகச் சில இனங்களே இதைத் தாங்கும்.

வால் எங்கே போகுது?

முட்டைக்கு ஓடு கிடையாது. வழவழப்பான கூழ் உறை மட்டுமே. அதிலிருந்து வரும் தலைப்பிரட்டை செவுளால் சுவாசிக்கும், பாசியைச் சுரண்டித் தின்னும். பிறகு தைராய்டு ஹார்மோன் வேலையைத் தொடங்கும். முதலில் பின்னங்கால், அடுத்து முன்னங்கால். நீளமான குடல் சுருங்கும். இனி பூச்சிதான் சாப்பாடு. வால் அறுந்து விழாது. உடலே அதைக் கரைத்துப் பயன்படுத்திக்கொள்ளும். குட்டை வற்றுவதற்குள் இத்தனையும் நடந்தாக வேண்டும்.

ஒரு படலம் போதும்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் எண்ணூர் முகத்துவாரத்தில் பரவியது. மீனவர்களின் படகிலும் வலையிலும் கறுப்பாகப் படிந்தது. அப்படி ஒரு படலம் தவளையின் தோலில் ஒட்டினால் தண்ணி, மூச்சு இரண்டுக்குமே தடை. ஓடில்லாத முட்டைக்கும் பாதுகாப்பு இல்லை.

ஆற்றையும் கடலையும் நம்ப முடியாத உயிருக்கு மிஞ்சுவது மழைக்குட்டைதான். அதையும் கட்டடக் குப்பை கொட்டி மூடிவிட்டால் அடுத்த தலைமுறைக்கு இடமில்லை.

அடுத்த மழையில் உங்கள் தெருவோரக் குட்டையைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். தலைப்பிரட்டை நெளிந்தால், கொசுவுக்குப் பயந்து அதில் எண்ணெய் ஊற்றிவிடாதீர்கள். வளர்ந்ததும் பூச்சி பிடிக்கப்போவது அதுதான்.