வளைகோட்டின் முனையைப் பாருங்க!

மேற்கத்திய இசைத்தாளில் சுரங்களைச் சேர்க்கும் வளைகோடுகள் இரண்டு வகை. அடுத்தடுத்து வரும் ஒரே சுரத்தைச் சேர்த்தால் 'டை': ஒருமுறை இசைத்து நீட்டினால் போதும். வெவ்வேறு சுரங்களைச் சேர்த்தால் 'ஸ்லர்': விட்டுவிடாமல் இசைக்கணும். பாட்டில் என்றால், ஓர் அசையை அத்தனை சுரங்களிலும் இழுத்துப் பாடணும். முனை ஒரு சுரம் தள்ளிப்போனால், எந்த இடத்தில் அசையை மாற்றுவது என்று பாடகர் குழுவே குழம்பிவிடும்.

இதைத் திருத்த மென்பொருள் வாங்க வேண்டாம். 'வெரோவியோ ஹம்ட்ரம் வியூவர்' பிரவுசரிலேயே இலவசமாக இயங்குகிறது. வளைகோட்டை கிளிக் செய்து 'ஏ' விசையை அழுத்தினால் அது மேலே போகும். 'பி' என்றால் கீழே வரும். விசைப்பலகை தேவை என்பதால் கணினியில் திருத்தி, போனில் பார்த்துக்கொள்வதுதான் வசதி.

மேலா, கீழா என்பதால் ஓசை மாறாது. ஆனால் ஒரே வரியில் இரண்டு குரல்கள் இருந்தால், மேல்குரலுக்கு மேலே, கீழ்க்குரலுக்குக் கீழே என்று வைத்தால்தான் எது யாருக்கு என்று தெரியும். முதலில் முனைகளைச் சரிபாருங்கள். வளைவின் அழகைப் பிறகு பார்க்கலாம். பிரவுசரை மூடும் முன் கோப்பை மறக்காமல் சேமித்துவிடுங்கள்.